வலிப்பது முழங்கால், பிழை இடுப்பில்: தாய் சி நிற்றலில் குறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

தாய் சி என்னும் சீனத் தற்காப்புக் கலையைக் கற்க வந்தவரை முதல் நாளே ஆசிரியர் "பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்" என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். நிற்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? நான்காவது நிமிடத்தில் தொடை எரியத் தொடங்கும். தோள் கனக்கும். மூச்சு எங்கோ நெஞ்சுக்கு மேலே மாட்டிக்கொள்ளும். சும்மா நிற்பது சும்மா வருவதில்லை என்று அப்போதுதான் தெரியும்.

சீன மொழியில் இதற்கு ஜான் ஜுவாங் என்று பெயர். ஜுவாங் என்றால் தரையில் அறைந்த முளை. முளையடித்தாற்போல் நிற்கிறான் என்று நாமும் சொல்கிறோம் அல்லவா, அதே உருவகம்தான். நிற்றலையே முழுக் கலைக்கும் அடித்தளமாக வைத்து யீசுவான் என்ற முறையை உருவாக்கியவர் வாங் சியாங்ஜாய் (1885–1963). தாய் சி ஆசிரியர்கள் பலரும் நிற்றலை உள்ளாற்றல் பயிற்சியின் வாசற்படியாக வைத்திருக்கிறார்கள். இடையில் ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம்: தாய் சி என்ற பெயரில் உள்ள 'சி'யும், உள்ளாற்றலைக் குறிக்கும் 'சீ'யும் வேறு வேறு சொற்கள். முன்னது எல்லை, உச்சம் என்ற பொருளுடையது. பின்னதுதான் மூச்சு, ஆற்றல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன.

இது நிற்கக் கற்றுத்தரும் கட்டுரை அன்று. ஏற்கெனவே ஒருவரிடம் நிலையைக் கற்று, வீட்டில் தனியாக நின்று பார்த்து, "எங்கோ இடிக்கிறதே" என்று தவிப்பவர்களுக்கானது. எங்கே என்ன தெரிகிறது என்பதை வைத்து, எது பிழை என்று தேடிப் போவோம்.

முதலில் நிலை, ஒரே மூச்சில்

பாதங்கள் தோள் அகலத்தில், ஏறக்குறைய இணையாக. முழங்கால் பூட்டாமல் இலேசாகத் தளர்ந்திருக்கும். உயரமான ஸ்டூலின் விளிம்பில் உட்காரப் போகிறவரைப் போலத் தொடை இடுக்கு உள்ளே மடிந்திருக்கும். இந்த மடிப்பைச் சீனத்தில் குவா என்பார்கள், இந்தக் கட்டுரை முழுக்க அது வந்துகொண்டே இருக்கும். முதுகு நிமிர்ந்து, உச்சந்தலை மேலிருந்து தொங்கவிட்டாற்போல் இருக்கும். கைகள் பக்கங்களில் தொங்கலாம். அது வூஜி நிலை. அல்லது பெரிய பந்து ஒன்றைத் தழுவுவதுபோல் தொப்புளுக்கும் தோளுக்கும் இடையே வட்டமாக இருக்கலாம். நாக்கு நுனி மேற்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டிருக்கும். கவனம் டான்டியனில், அதாவது தொப்புளுக்கு மூன்று விரற்கடை கீழே, வயிற்றின் உட்புறத்தில்.

ஆசிரியர்கள் ஓயாமல் சொல்லும் சொல் சோங். அதைத் தளர்வு என்று பெயர்த்துவிடுகிறோம், பாதித் தவறுகள் அங்கேயே பிறக்கின்றன. அச்சொல்லின் பழைய எழுத்து வடிவத்தின் மேற்பகுதியில் இருப்பது கூந்தலைக் குறிக்கும் குறி. முடிந்த கூந்தலை அவிழ்த்துவிட்ட நிலைதான் சோங். அவிழ்ந்த கூந்தலில் கட்டு இல்லை. ஆனாலும் அது கழன்று தரையில் விழுந்துவிடுவதில்லை, தலையிலிருந்து தொங்குகிறது. தளர்கிறேன் என்று துவண்டு போகிறவருக்கு முதுகும் முழங்காலும் வலிப்பதற்கு இந்த வேறுபாடு தெரியாததே காரணம்.

எந்த வரிசையில் தேடுவது

வலி எங்கே இருந்தாலும் பாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பாதம், முழங்கால், குவா, கீழ்முதுகு, தோள், தலை. வலிக்கும் இடத்தைத் தொடுவது கடைசியில். தோள் வலிக்கிறது என்று தோளையே திருத்திக்கொண்டிருந்தால் ஓர் ஆண்டு போனாலும் தீராது. அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு கருவி வேண்டும். கதவு நிலையின் மேற்சட்டத்திலிருந்து ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலுக்குப் பக்கவாட்டில் நின்று, யாரையாவது கைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். காதுத் துளை, தோளின் நடு, வெளிக்கணுக்காலுக்குச் சற்று முன்னால் உள்ள இடம் ஆகிய மூன்றும் நூலில் வர வேண்டும். குவா மடிந்திருப்பதால் முழங்கால் நூலுக்குக் கொஞ்சம் முன்னேயும், பிட்டம் கொஞ்சம் பின்னேயும் நிற்கும். அது பிழையன்று.

படத்தைப் பார்த்ததும் பலருக்கு நம்பிக்கை வராது. பல ஆண்டுகளாகக் கோணி நின்ற உடல் கோணலையே நேர் என்று கணக்கு வைத்திருக்கும். சரியாக நிறுத்தினால் முன்னால் சாய்ந்து விழப்போவது போலத் தோன்றும். முதல் இரண்டு வாரம் உணர்வை நம்பாதீர்கள், நூலை நம்புங்கள்.

தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது

வரிசையை மீறி இதை முதலில் வைக்கிறேன். இங்கே பிழை தேடுவதற்கு முன் உட்கார வேண்டும். முகம் வெளிறி, வியர்வை குளிர்ந்து, குமட்டி, காதில் ஓசை எழுந்தால் அடுத்த நொடியே பயிற்சியை விடுங்கள். உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். "இன்னும் இரண்டு நிமிடம்தானே" என்ற வைராக்கியம் மண்டை உடைவதில் போய் முடியும்.

அசையாமல் நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி அதை மேலே தள்ளும். நிற்கும்போது அந்த வேலை குறைந்துவிடும். அணிவகுப்பில் விறைத்து நிற்கும் சிப்பாய்கள் மயங்கி விழுவதும் இதனால்தான். முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டியிருக்கிறீர்களா, மூச்சைப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வெறும் வயிறு, புழுக்கமான அறை, வெந்நீர்க் குளியல் முடிந்த கையோடு நிற்பது, தண்ணீர் குடிக்காமல் நிற்பது எல்லாம் சேர்ந்துகொள்ளும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நிற்கட்டும்.

திருத்தம் எளிது. முழங்காலை இளக்குங்கள், கண்ணைத் திறந்து வையுங்கள், எடையை இரு பாதங்களுக்கும் இடையே மெல்ல மாற்றிக்கொண்டிருங்கள். முளைபோல் நிற்பது என்றால் மரக்கட்டையாகிவிடுவது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. உயிருள்ள உடல் நிற்கும்போது எப்போதும் நூலிழை அளவு ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

மயக்கம் கண்ணை மூடினால் மட்டுமே வருகிறதென்றால் அது வேறு. உடல் சமநிலைக்குக் கண்ணை அதிகம் சார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சில மாதங்கள் கண் திறந்தே நில்லுங்கள்.

உள்ளங்கால் வலிக்கிறது, விரல்கள் தரையைப் பற்றுகின்றன

விரல்களுக்கு அடியில் ஒரு தாளை வைத்து யாரையாவது மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். இலேசான உராய்வோடு தாள் வெளியே வந்தால் நல்லது. கிழிந்தால் விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. கவ்வுகிற பாதம் பயந்த பாதம். எடை தவறான இடத்தில் இருப்பதால் விழாமல் இருக்கப் பற்றுகிறது. ஆகவே விரலைத் தளர்த்தச் சொல்லிப் பயனில்லை, எடையை நகர்த்த வேண்டும்.

எங்கே நகர்த்துவது? உள்ளங்காலின் முன் மூன்றில் ஒரு பங்கில், விரல்களை மடக்கும்போது குழி விழும் இடம் ஒன்று உண்டு. யோங்சுவான் என்று பெயர், பொங்கும் ஊற்று என்று பொருள். எடையை அங்கே வைக்கச் சொல்லிக் கேட்டவர்கள் அப்படியே முன்னால் சாய்ந்து, கெண்டைக்கால் இறுகி அவதிப்படுகிறார்கள். குதிகாலில் உட்கார் என்று கேட்டவர்களுக்குக் கணுக்காலுக்கு மேல் முன்புறம் கடுக்கும். என் முடிவு: எடை முழுப் பாதத்திலும் பரவட்டும், மையம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும்.

சோதிக்க ஒரு வழி. உடலைச் சிறிதும் நகர்த்தாமல் குதிகாலை உயர்த்திப் பாருங்கள். சட்டென்று உயர்ந்தால் முன்னால் இருக்கிறீர்கள். அடுத்து முன்பாதத்தை உயர்த்துங்கள். அது சட்டென்று உயர்ந்தால் பின்னால் இருக்கிறீர்கள். இரண்டுக்குமே கொஞ்சம் நகர வேண்டியிருந்தால் நடுவில் இருக்கிறீர்கள்.

முழங்கால் வலிக்கிறது

அதிகமாகக் கேட்கப்படுவதும், அதிகமாக அலட்சியம் செய்யப்படுவதும் இதுதான். முதலில் வலியைப் பிரித்தறியுங்கள். தொடையின் நடுச்சதையில் எரிச்சல் என்றால் உழைக்கும் சதையின் முனகல், போகட்டும். சில்லுக்குக் கீழேயோ, சில்லைச் சுற்றியோ, மூட்டின் உட்பக்கத்திலோ குத்தினால் அது பிழை. தாங்கிக்கொண்டு நிற்பதால் அது பழகிவிடாது, மூட்டுத்தான் தேயும்.

காரணங்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, முழங்காலை மடக்கியிருக்கிறீர்கள், குவாவை மடக்கவில்லை. "முழங்காலை மடக்கு" என்ற கட்டளையைக் கேட்டதும் உடல் மிக எளிதான வழியைத் தேடும்: முழங்காலை மட்டும் முன்னால் தள்ளிவிட்டு, இடுப்பை நேராக விட்டுவிடும். அப்போது சில்லு தொடை எலும்பின் மீது அழுத்தப்படுகிறது, எடை மூட்டிலேயே நின்றுவிடுகிறது. இதைத் திருத்த, கைகளைக் கத்திபோல் நீட்டி அவற்றின் விளிம்பைத் தொடை இடுக்குகளில் வையுங்கள். கையால் இடுப்பைப் பின்னால் மெல்லத் தள்ளுங்கள். கையைச் சுற்றித் துணி மடிவதுபோல் இடுக்கு மடியும். முழங்கால் தானாகக் கொஞ்சம் இளகும். அந்த அளவு போதும். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வேண்டாம்.

இன்னும் பிடிபடவில்லையென்றால், பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரப் போங்கள். பிட்டம் பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் கணத்தில் நில்லுங்கள். எது முதலில் மடிந்தது என்று கவனியுங்கள். உட்காரும்போது யாரும் முழங்காலை முதலில் தள்ளுவதில்லை, இடுப்புத்தான் முதலில் பின்னே போகும். அதே வழியில் ஏறக்குறைய முழுதும் எழுந்துவிடுங்கள், கடைசி இரண்டு அங்குலத்தை மட்டும் எழாமல் விட்டுவிடுங்கள். அதுதான் நிற்கும் உயரம்.

இரண்டாவது, மிகத் தாழ்வாக நிற்கிறீர்கள். தாழ்ந்து நின்றால் ஆற்றல் கூடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். படங்களில் பார்க்கும் தாழ்ந்த நிலைகள் பல ஆண்டு உழைப்புக்குப் பின் வந்தவை. தொடக்கத்தில் முழங்கால் மடிப்பு எவ்வளவு இருக்க வேண்டுமென்றால், எதிரே நிற்பவர் உற்றுப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க வேண்டும். குனிந்து பாருங்கள்: கால் பெருவிரல் நுனி தெரியாமல் முழங்கால் மறைத்தால் எழுந்துகொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, முழங்கால்கள் உள்ளே விழுகின்றன. உட்பக்கம் வலித்தால் இதைச் சந்தேகியுங்கள். கண்ணாடியின் முன் நின்றால், சில்லு கால் பெருவிரலையும் தாண்டி உட்பக்கம் பார்ப்பது தெரியும். சில்லு இரண்டாவது விரலின் திசையில் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, முழங்காலை வெளியே தள்ளுவது. தள்ளினால் பெருவிரலின் அடிப்பகுதி தரையை விட்டு எழும், எடை பாதத்தின் வெளிவிளிம்புக்குப் போகும், ஒரு பிழைக்குப் பதில் இன்னொன்று. உள்ளே விழுவது உண்மையில் பாதத்தின் வளைவு. வளைவு தளர்ந்தால் கணைக்கால் உட்புறம் திரும்பும், முழங்கால் அதன் பின்னால் போகும். ஆகவே பெருவிரலின் அடிமேட்டைத் தரையில் ஊன்றியபடியே அதைக் குதிகாலை நோக்கி மெல்ல இழுங்கள். விரல் மடங்கக் கூடாது. வளைவு ஒரு நூல் உயரும். தொடைகள் தாமாக வெளிப்புறம் திரும்பி, கவட்டில் ஒரு வளைவு விரியும். கவட்டை வட்டமாக்கு என்று சீன ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். குதிரையின் மேல் உட்கார்ந்தவரின் கால்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டு வீங்கினாலோ, இரவில் வலித்தாலோ, பழைய காயம் இருந்தாலோ இந்தத் திருத்தங்களை நம்பி நிற்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

கீழ்முதுகு கடுக்கிறது

ஆறு மாதம் நான் பட்ட பாடு இது. "வால் எலும்பை உள்ளே இழு" என்று எங்கோ கேட்டு, கேட்டதை வேதமாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் பிட்டத்தை இறுக்கி இடுப்பை முன்னால் சுருட்டி நின்றேன். நின்று முடித்ததும் கீழ்முதுகில் ஒரு பட்டை போட்டு இறுக்கியதுபோல் இருக்கும். இன்னும் சரியாக இழுக்கவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் இன்னும் இழுப்பேன்.

ஆசிரியர் ஒரு நாள் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. கட்டைவிரலால் என் பிட்டத்தின் பக்கவாட்டில் அழுத்தினார். "கல்" என்றார். பிறகு உயரமான ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து என் பின்னால் வைத்து, விளிம்பில் ஒட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மறுபடி அதே இடத்தில் அழுத்தினார். இப்போது அது சதையாக இருந்தது. கீழ்முதுகில் உள்ளங்கையை வைத்தபடி, ஸ்டூலை மெல்ல, மிக மெல்ல, பின்னால் இழுத்தார். ஸ்டூல் போய்விட்டது, சதை அப்படியே இருந்தது. உள்ளங்கைக்கு அடியில் முதுகு அகலமானதுபோல் தெரிந்தது. மூச்சு அங்கே வரைக்கும் போய் வந்தது. ஆறு மாதத்தில் கிடைக்காதது அரை நிமிடத்தில் கிடைத்தது. மறுநாள் அதைத் தனியாகச் செய்ய முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் ஆயிற்று.

பழைய சீனப் பாடவரி, வால் எலும்பு நடுவில் நேராக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. இழு என்றோ சுருட்டு என்றோ சொல்லவில்லை. குவா இளகினால் இடுப்பெலும்பு தன் எடையாலேயே கீழே இறங்கும். கீழ்முதுகின் பள்ளம் தானாகக் குறையும். அங்கே தொப்புளுக்கு நேர் பின்னால் உள்ள இடம்தான் மிங்மென், உயிரின் வாசல். அது திறக்க வேண்டும் என்பார்கள். பின்னால் தள்ளித் திறக்கும் கதவு அது அல்ல.

உங்களுடைய வலி எந்த வகை என்று பார்க்க: சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் குதிகாலை வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து நில்லுங்கள். கீழ்முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கையை விடுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் முதுகு உள்வளைந்து நிற்கிறது; குவா இன்னும் மடியவில்லை. கைக்கு இடமே இல்லை, வயிறும் பிட்டமும் இறுகியிருக்கின்றன என்றால் நான் செய்த தவறையே நீங்களும் செய்கிறீர்கள். கை நுழைய வேண்டும், ஆனால் முதுகின் வெதுவெதுப்புக் கையில் படவும் வேண்டும். முதுகைச் சுவரோடு அப்ப முயல வேண்டாம்; முதுகெலும்பு இயல்பிலேயே வளைவுடையது.

வலி காலில் இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ அது நிற்றலில் திருத்துகிற விஷயமன்று.

தோள் எரிகிறது, கை கனக்கிறது

எரிச்சல் எங்கே? தோளின் உருண்டைச் சதையில் என்றால் கை தூக்கிய களைப்பு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, பை மாட்டும் இடத்தில் என்றால் பிழை. கையைத் தோளால் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

தோளைக் கீழே அழுத்துவதுதான் பலருக்கும் தோன்றும் மருந்து. அழுத்துவதும் ஓர் இறுக்கமே. பதிலாக, தோள்களைக் காதுவரை உயர்த்தி மூச்சை வெளியே விடும்போது நனைந்த துணியைப் போட்டதுபோல் போட்டுவிடுங்கள். மூன்று முறை. பிறகு தோளை மறந்து முழங்கையைப் பாருங்கள். முழங்கை மணிக்கட்டைவிடவும் தோளைவிடவும் தாழ்ந்திருக்க வேண்டும், அதில் சிறு கல் ஒன்று கட்டித் தொங்குவதுபோல. அக்குளில் ஒரு கோழிமுட்டை நிற்கும் அளவு இடம் இருக்கட்டும். உடைக்கவும் கூடாது, விழவும் கூடாது. கைகள் வட்டத்தை உள்ளிருந்து மெல்ல விரிக்கட்டும். ஊதிய பலூன் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நிற்பதுபோல.

இதற்குப் பிறகும் எரிந்தால் கைகளை இறக்குங்கள். டான்டியன் உயரத்தில் வைத்து ஒரு மாதம் நில்லுங்கள், அல்லது வூஜியிலேயே நில்லுங்கள். கையை உயர்த்துவதில் ஒரு பெருமையும் இல்லை.

முதுகின் மேற்பகுதி, தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே வலித்தால் மார்பைக் குழித்துக்கொண்டிருக்கிறீர்கள். "மார்பை உள்ளடக்கு" என்ற பழைய அறிவுரையைக் கூன் போடுவது என்று புரிந்துகொண்டதன் விளைவு. நெஞ்சை நிமிர்த்தித் துருத்தாதே என்பதுதான் அதன் பொருள். நெஞ்செலும்பைக் கீழே விடுங்கள், தலையை விட்டுவிடாதீர்கள்.

கழுத்து விறைக்கிறது

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது ஒரு விரற்கடை முன்னால் போனாலும் பிடரிச் சதை நாள் முழுக்க அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். மோவாயை உள்ளே இடித்துத் திருத்தினால் தொண்டை அடைக்கும். உச்சந்தலையை உயர்த்த வேண்டும். ஆனால் உச்சி எது என்பதில்தான் தவறு. பலர் நெற்றிக்கு மேலான இடத்தை உயர்த்துகிறார்கள், மோவாய் மேலே போகிறது. இரு காதுகளின் மேல்நுனியிலிருந்தும் விரலை மேலே ஓட்டினால் நடுக்கோட்டில் சந்திக்கும் இடம்தான் உச்சி. அங்கே நாலைந்து முடியைப் பிடித்து நேர் மேலே இலேசாக இழுத்துப் பாருங்கள். பிடரி நீளும், மோவாய் தானாக ஒரு நூல் இறங்கும். முடியை விட்ட பிறகும் அந்த இழுப்பு அங்கே இருக்கட்டும்.

மூச்சு முட்டுகிறது

வயிற்றால் மூச்சு விட வேண்டும் என்று வயிற்றைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். விட்டுவிடுங்கள். கவனத்தை டான்டியனில் வை என்றால் உறங்கும் குழந்தையை ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல் வைப்பது, உற்று நோக்கினால் வயிறு இறுகும். மேலே சொன்னபடி குவாவும் நெஞ்செலும்பும் இளகினால் மூச்சு தன் வழியைக் கண்டுகொள்ளும். இடுப்புவாரைத் தளர்த்தவும் மறக்க வேண்டாம்.

விரல்கள் மரத்துப்போகின்றன

வெதுவெதுப்பு, இலேசான வீக்கம், ஊசி குத்துவதுபோல் துறுதுறுப்பு ஆகியவை சாதாரணம். மரத்துப்போவது வேறு. மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்தால் முழங்கை அதிகம் மடங்கியிருக்கிறது. அங்கே ஓடும் நரம்பு இழுபடுகிறது. வட்டத்தைப் பெரிதாக்குங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது, நேராக்குங்கள். நின்று முடித்து வெகுநேரம் ஆகியும் உணர்வு திரும்பவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால்கள் நடுங்குகின்றன

இரு தொடைகளும் ஒரே சீராக, மெல்லியதாக நடுங்கினால் சதை களைத்துவிட்டது என்று பொருள். கொஞ்சம் எழுந்து நில்லுங்கள், அடங்கும். சில வாரங்களில் நடுக்கம் வரும் நேரம் தள்ளிப்போகும்.

ஒரு கால் மட்டும் நடுங்கினால் எடை சமமாக இல்லை. எடை பார்க்கும் கருவிகள் இரண்டை அருகருகே வைத்து, கருவிக்கொன்றாகப் பாதங்களை வைத்து நின்று பாருங்கள். எனக்கு வலப்பக்கம் 6 கிலோ கூடுதலாகக் காட்டியது. நடுவில் நிற்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். பழைய செருப்பின் குதியைத் திருப்பிப் பார்த்தபோது அது பல ஆண்டுகளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது.

உடல் முழுவதும் குலுங்கி அசையத் தொடங்கினால் சிலர் ஆற்றல் எழுந்துவிட்டது என்று கொண்டாடுகிறார்கள். நான் கொண்டாடுவதில்லை. நிலையைச் சற்று உயர்த்துங்கள், பாதத்திலிருந்து வரிசையாகச் சரிபாருங்கள். பிழையைத் திருத்தியதும் நின்றுவிடுகிற குலுக்கல் பிழையிலிருந்து வந்ததுதான். கொட்டாவி, கண்ணீர், வயிற்று இரைச்சல் எல்லாம் வந்து போகும், பொருட்படுத்த வேண்டியதில்லை.

எதுவுமே தெரியவில்லை

வலி இல்லை, சூடு இல்லை, ஆற்றலும் இல்லை, வெறுமனே நிற்கிறேன், சலிப்பாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. இரண்டு கேள்விகள். எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்? 3 நிமிடம் என்றால் தெரிய இன்னும் நேரம் ஆகவில்லை. 5 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 1 நிமிடம் என்று 20 வரைக்கும் கொண்டுபோங்கள். நாள்தோறும் 8 நிமிடம் நிற்பது, ஞாயிறு மட்டும் 40 நிமிடம் நிற்பதைவிட மேல்.

அடுத்த கேள்வி: எதை எதிர்பார்க்கிறீர்கள்? மின்சாரம் பாய்வதையா? உள்ளங்கால் தரையில் அகலமாகப் படிவது, பிட்டத்தின் சதை இளகுவது, மூச்சு கீழ்முதுகைத் தொடுவது, கையின் கனம் தோளில் இல்லாமல் முழங்கையில் தொங்குவது. இவற்றில் ஏதாவது தெரிகிறதா என்று நாளை நிற்கும்போது பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அதைக் கைவிடாமல் வைத்துக்கொண்டு நில்லுங்கள். முடிக்கும்போது கைகளை டான்டியன்மேல் வைத்து ஒரு நிமிடம் இருந்து, மெல்ல எழுந்து, அறைக்குள்ளேயே நாலு நடை நடந்துவிட்டு உட்காருங்கள். கால்களில் தேங்கிய இரத்தம் மேலே ஏற அது வேண்டும்.